அட்டை உள்ளேதான் இருக்கு

செய்தி வந்தபோது மாலை நாலரை மணி. மருந்துக் கடை வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். போனில் வாலு. இவள் கணவரோடு பேரிங் அறையில் வேலை செய்கிற பெண். ஓயாமல் வாயாடுவதால் அவர் வைத்த பேர் அது. அந்த வாலுவுக்கு இன்று பேச்சு வரவில்லை.

"அண்ணி... அண்ணன் எஞ்சின் பக்கத்துலயே சாஞ்சுட்டாரு அண்ணி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தோம். வர்றதுக்குள்ளயே..."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. சொல்லிவிட்டாரா? காலையில் நெஞ்சில் சுமந்துகொண்டு போனதை யாரிடமாவது இறக்கி வைத்தாரா, இல்லை கூடவே கொண்டுபோய்விட்டாரா?

விமான எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் அந்தப் பட்டறையில் அவருக்குப் பேர் நூத்திப்பத்து. பேரிங் என்பது தண்டைச் சுழலவிட்டுத் தாங்கும், உள்ளும் வெளியுமான இரட்டை வளையம். அதன் துளை, அது ஏற வேண்டிய தண்டைவிட மயிரிழை சிறியது. சூடாக்கினால் வளையம் விரியும். விரிந்த உடனே தண்டில் ஏற்றி, ஆறிக் கவ்வும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் கையில் வரும் பேரிங்குகளுக்கு நூற்றுப்பத்து டிகிரி. குறைந்தால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். மிஞ்சிப் போனால் எஃகின் உறுதி போய்விடும், போனது வெளியே தெரியாது. அதனால் நெருப்பை அதன் பக்கத்தில் காட்டவே கூடாது. மின்சார அடுப்பு வருவதற்கு முன்பு, எண்ணெய்ச் சட்டியில் சூடாக்கிய காலத்திலும், அடியில் படாதபடி கொக்கியில்தான் தொங்கவிடுவார். சுத்தியலால் தட்டி ஏற்றுகிறவனை அவர் ஆளாகவே மதித்ததில்லை.

கல்யாணமான புதிதில் அவள் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "தொண்ணூறு இருக்கும்" என்றார்.

"நான் என்ன பேரிங்கா ஊற வச்சுக் கொடுத்தேன்? ஆறறதுக்குள்ள குடிங்க."

பயந்த மனிதர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவார். மகள் டிக்கெட் எடுத்து அனுப்பியும் விமானத்தில் ஏறவில்லை. "பேரிங் போட்டவன் ஏறக் கூடாது. எல்லாரும் ஜன்னல் வழியா மேகம் பார்ப்பாங்க, நான் காதைத் தீட்டிட்டு உக்காந்திருப்பேன்" என்றார். அந்தப் பயத்தைத்தான் அவள் வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்தாள். இன்று காலையில் மட்டும் முடியவில்லை.

காலையில் முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார்.

"அடுப்போட வெப்பமானியில காந்த முனை ஒண்ணு இருக்கும்னு சொல்லியிருக்கேன்ல? ரத்தம் குடிக்கிற அட்டை மாதிரி ஒட்டிக்கும். நாங்க அதை அட்டைன்னுதான் சொல்லுவோம். அதை உள் வளையத்துல ஒட்டணும். உள் வளையம்தான் முதல்ல சூடேறும். வெளி வளையத்துல ஒட்டினா நூத்திப்பத்துன்னு காட்டும்போது உள்ளே எவ்வளவோ ஏறியிருக்கும்."

"சரி, அதுக்கென்ன?"

"முந்தாநாள் நான் தண்டைத் துடைச்சிட்டு இருந்தேன். திரும்பிப் பார்க்காமலே 'அட்டை உள்ளே இருக்கா'ன்னு கேட்டேன். 'உள்ளேதான் இருக்கு அண்ணே'ன்னா வாலு. அடுப்பு மணி அடிச்சதும் அவளே முனையை எடுத்துட்டா, நான் பேரிங்கைத் தூக்கி ஏத்திட்டேன். நேத்து கிளம்பும்போது மேஜை டிராயரைக் காட்டி, 'அட்டை உள்ளேதான் இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க'ங்கிறா. வேலை அட்டை! எனக்கு அங்கேயே கை கால் ஓடலை. அன்னிக்கு நான் கேட்டது எந்த அட்டை, அவ சொன்னது எந்த அட்டை?"

"சோதனையில தெரிஞ்சிடாதா?"

"சோதனை மேடையில சமத்தா ஓடும். மேலே போய், நாள் பார்த்து வேலையைக் காட்டும்."

"அப்ப போன உடனே சொல்லிடுங்க."

"சொல்லணும். ஆனா முதல்ல பேரிங் மூடியைக் கழட்டி ஒரு தடவை அளந்து பார்த்துடறேன். சும்மா கிளப்பிவிட்டா பாவம், அந்தப் பொண்ணு தலையிலதான் விடியும்." பாதி மழித்த முகத்தோடு அவர் சொன்னது இன்னும் அவள் கண்ணில் நின்றது. "நாளைக்குக் காலையில எஞ்சின் கிளம்புது."

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தாள். முகம் வழவழவென்று இருந்தது. மறுபாதியையும் மழித்துக்கொண்டுதான் போயிருந்தார். கை நகங்களில் கறுப்பு எண்ணெய். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது.

நடைவழிக்கு வந்தபோது ஃபோர்மன் எழுந்து நின்றார். நல்ல மனிதர், கண்கள் கலங்கியிருந்தன.

"காலையில ரெண்டு தடவை என் அறை வாசல் வரைக்கும் வந்தார்மா. நான் போன்ல இருந்தேன், திரும்பிப் போயிட்டார். மத்தியானத்துக்கு மேல மூடியை முடுக்கிட்டு இருக்கும்போதே... ஸ்பேனரை வச்சது வச்சபடி. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. பாதியில விட்டதை முடிக்கச் சொல்லி ஆள் போட்டுட்டு வந்திருக்கேன். அவர் கடைசியாத் தொட்ட எஞ்சின், காலையில ஜம்முனு கிளம்பிடும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பாதி கழற்றிய மூடியும் பாதி முடுக்கிய மூடியும் பார்வைக்கு ஒன்றுதான். இவர்கள் அன்பாலேயே அதைப் பூட்டி அனுப்பிவிடுவார்கள். வாயைத் திறந்தால், இத்தனை வருடமும் ஒரு சொல் கேட்காத மனிதரின் பேர் உடல் ஆறுவதற்குள் கெடும். சுவரோரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த வாலுவுக்கு வேலை போகும். திறக்காவிட்டால்? முகம் தெரியாத யார் யாரோ பெட்டியை மேலே வைத்துவிட்டு, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள்.

அவள் வாலுவின் அருகே போனாள். "இங்கே பாரும்மா. முந்தாநாள் அட்டை உள்ளே இருக்கான்னு கேட்டாரே, நீ எதைச் சொன்னே?"

"வேலை அட்டையை அண்ணி. டிராயருக்குள்ள..." வாலு பாதியில் நிறுத்தினாள். "முனையை வெளி வளையத்துலதான் முதல்ல ஒட்டினேன். மாத்தப் போனேன், அப்பத்தான் அண்ணன் கேட்டாரு. டிராயரைத் திரும்பிப் பார்த்துட்டுப் பதில் சொன்னேன். அப்புறம் மாத்தினேனா... ஐயோ, ஞாபகம் வரலியே அண்ணி!"

"என்னம்மா பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றார் ஃபோர்மன்.

"அவர் முடுக்கலைங்க. கழட்டிட்டு இருந்தார்."

ஃபோர்மன் அவளையே பார்த்தார். பிறகு போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பட்டறை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? மறுபடி போட்டார். அவள் தன் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி, ரத்தம் கட்டும் அளவுக்கு இறுக்கினாள். மூன்றாம் முறை யாரோ எடுத்தார்கள்.

"எவ்வளவு முடிஞ்சுது?" ஃபோர்மன் கேட்டார். ஸ்பீக்கரைப் போட்டார்.

"இன்னும் தொடலை சார். நூத்திப்பத்து அண்ணனோட ஸ்பேனர் மூடி மேலயே இருக்கு. எடுக்க மனசு வரலை."

"சாமான் தட்டுல என்ன இருக்கு, பார்த்துச் சொல்லு."

தட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. "போல்ட்டு இருக்கு சார். அதோட... வெட்டின பூட்டுக் கம்பித் துண்டுங்க. பழைய கம்பி."

போல்ட் தானாகக் கழலாதிருக்கக் கட்டுகிற கம்பி அது. முடுக்குகிறவன் அதை வெட்டமாட்டான். ஃபோர்மன் கண்ணை மூடிக்கொண்டார். "யாரும் கை வைக்காதீங்க. சிவப்புச் சீட்டைத் தொங்க விடு. எஞ்சின் போகாது."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாலு அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

அந்த மூடிக்குப் பன்னிரண்டு போல்ட். அவர் கழற்றிய ஏழு தட்டில் கிடந்தன. ஐந்து இன்னும் மூடியிலேயே இருந்தன.