ராயபுரம் கரையில் ஒரு கதவு

ராயபுரம் கரையில் நானும் என் கணவரும் நிற்கிறோம். எங்கள் பாய்மரப் படகு கூப்பிடு தூரத்தில் நங்கூரமிட்டு ஆடிக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த அரிசி நேற்றே தீர்ந்துவிட்டது. ரேஷன் கார்டு கேட்டு மனு கொடுத்திருந்தோம். வீட்டைப் பார்த்துக் கதவில் எண் எழுத, ரேஷன் ஆபீஸ் ஆள் தார் டப்பாவோடு வந்திருக்கிறார்.

"வூடு எங்கம்மா கீது?"

படகைக் காட்டுகிறேன்.

"இன்னாம்மா பேஜாரு பண்றே? வூடுன்னா கதவு வேணாவா? நம்பரை எதுல எழுதறது? மாமியார் வூட்டு கார்டுல பேரு கீதுல்ல, அங்கியே பூடேன்."

அந்தக் கார்டில் எங்கள் பெயர்கள் இல்லை. நாங்கள் படகில் குடியேறிய அன்றே மாமனார் இரண்டையும் நீக்கச் செய்துவிட்டார். பசித்தால் திரும்பி வந்துவிடுவோமாம்.

என் கணவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அலையில் இறங்குகிறார். படகின் அறைக்கு மேலுள்ள மூடுபலகையைக் கழற்றி, அதைத் தள்ளியபடி நீந்தி வந்து, அந்த ஆளின் காலடியில் போடுகிறார்.

"இதைத் திறக்காம எங்க அடுப்பங்கரைக்குள்ள யாரும் போக முடியாது. இதுதான் கதவு. எழுதுங்க," என்கிறேன்.

ஆபீஸ் ஆள் பலகையைத் தட்டிப் பார்க்கிறார். கரையின் கடைசிக் குடிசைக்கு எண் நாற்பது. ஈரத்தைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டு, நாற்பத்தொன்று என்று எழுதுகிறார்.

"திடீர்னு செக்கிங் வருவோம். வூடு இங்கியே இருக்கணும், ஆமா."

"தாராளமா வாங்க," என்கிறேன். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு வாங்க."