ஆடியில் அளந்த மண்டபம்

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் நெரிபட்டு நின்றபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. கைபேசியில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிமிர்ந்து நிற்கின்றன. "கோயில் வாசல்ல நிக்கேன்" என்று அம்மாவுக்கு அனுப்பிய ஒரு வரி மட்டும் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்? கணினி அறிவியலில் பட்டம் வாங்கிய எனக்கு விடை தெரியவில்லை. வெட்கமாகிவிட்டது. அன்றைக்கே வயர்லெஸ் நெட்வொர்க்கிங் ஆரம்பநிலைத் தேர்வுக்கு என்ன படிக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

மதுரைக்குப் போய் எழுதி, முதல் தடவையிலேயே தேறினேன். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் எங்கள் ஊரில் இணைய இணைப்புக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கே வெகுகாலமாக வேலை பார்க்கும் லைன்மேன் ஒருவர் இருந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர். எல்லோருக்கும் அண்ணாச்சி.

அடுத்த ஆடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வைஃபை போடச் சொன்னார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபக்காரர்கள் வெள்ளையடிப்பது, ஃபேன் மாற்றுவது எல்லாம் அப்போதுதான். காலி மண்டபத்தில் லேப்டாப்போடு மூலை மூலையாக நடந்து அளந்தேன். எங்கேயும் குறையில்லை. மேடைக்கு மேலே ஒரே வைஃபை பெட்டி போதும் என்றேன்.

"தம்பி, ஆளு வந்தா இது தாங்காது. பந்திப் பக்கம் தனியா ஒண்ணு போடுவோம்" என்றார் அண்ணாச்சி.

"நீங்க ஏணியப் பிடிங்க அண்ணாச்சி. அளக்கதுக்குத்தான் நான் இருக்கேன்லா. சிக்னல அளக்க டெசிபல்னா என்னன்னு தெரியுமா?"

மண்டபக்காரர் சிரித்தார். வெள்ளையடித்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. "எட்டாங்கிளாஸ்ல அது வரலையோ?" என்று இன்னொன்றும் போட்டேன். அவர் ஏணியைப் பிடித்தார்.

ஆவணி முதல் முகூர்த்தம். பெண்ணின் அப்பா வளைகுடாவில் டிரைவர், லீவு கிடைக்கவில்லை. தாலி கட்டுவதை வீடியோவில்தான் பார்க்க வேண்டும். மேடையில் அதற்கென்றே ஒரு கைபேசியை நிறுத்தி வைத்திருந்தார்கள். காலையில் கல்யாணப்பெண்ணே என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அப்பா பாத்துருவாங்கல்லா, அண்ணே?"

"நான் பொறுப்பு" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். என் வேலை நாலு பேருக்குத் தெரியவேண்டாமா? வழியை மறித்து நிற்கும் கார் நம்பரை வாசித்துக்கொண்டிருந்த மைக்செட்காரரிடம் ஒரு சீட்டை நீட்டினேன். "மண்டபத்தில் இலவச வைஃபை. பாஸ்வேர்டு, பொண்ணு மாப்பிள்ளை பேரு சேர்த்து." அவர் மூன்று தடவை வாசித்தார். மண்டபம் முழுக்கத் தலைகள் குனிந்தன. மேடைக் கைபேசிக்கும் அதே இணைப்புதான். தூணோரம் நின்ற அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கெட்டிமேளம் கொட்டியபோது படம் உறைந்தது. புதுச்சட்டை போட்டிருந்த பெண்ணின் அப்பா, தன் அறையிலிருந்து எடுத்து வந்த அட்சதை அரிசியை எறியக் கையை ஓங்கியபடி அப்படியே நின்றுவிட்டார். சிக்னல் கோடுகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. ஆடித்தபசன்று நான் கேட்ட அதே கேள்வி. தேர்வில் அதற்குச் சரியான விடையைத்தான் எழுதியிருந்தேன்: கோடு சிக்னலின் பலத்தைத்தான் காட்டும், அதை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதைக் காட்டாது.

படம் திரும்ப வந்தபோது அரிசி அவர் கையிலேயே இருந்தது. "கட்டியாச்சாம்மா?" என்றார். கழுத்தில் தாலியோடு மகள் குனிந்துகொண்டாள். அவளுடைய தாய்மாமன் என் பக்கம் திரும்பி, "ஏலே, ஒன்னய எவம்லே வேலைக்கு வச்சான்?" என்றார்.

வெளியே வந்து அண்ணாச்சியிடம் பாய்ந்தேன். "மைக்ல சொல்லும்போதாவது தடுத்திருக்கலாம்லா?"

"தடுக்கணும்னுதான் நெனச்சேன், தம்பி." ஏணியை மடக்கினார். "எட்டாங்கிளாஸ்ல அது வரலை."

பெண்ணின் அப்பாவுக்குத் தாலி கட்டிய வீடியோவை நானே அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது.

வியாழக்கிழமை அதே மண்டபத்தில் இன்னொரு கல்யாணம். முதலாளி எனக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். மேடைக்குத் தனி இணைப்பு, அதன் பாஸ்வேர்டு யாருக்கும் கிடையாது. பந்தி நடக்கும்போதே கூட்டத்துக்குள் நின்று அளக்கப்போகிறேன். இரண்டாவது பெட்டியை எங்கே வைப்பது என்று அண்ணாச்சியிடம் கேட்க வேண்டும். அன்றைக்குச் சிரித்த மண்டபக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும். அண்ணாச்சி பதில் சொல்லாமல் போகலாம். ஏணியை நான் பிடித்துக்கொள்வதாக இருக்கிறேன்.