வரேன்னு சொல்லிவிட்டுப் போன தச்சன்

ஃபொசுவா வாச்சே விற்கிறவள். காராமணியும் அரிசியும் சேர்த்து வேகவைத்த அந்தச் சோற்றை இலையில் மடித்து, மேலே குழம்பை ஊற்றி அவள் நீட்டினால், சுவாமே வட்டாரத்து மெக்கானிக்குகள் கையிலிருக்கிற கிரீஸைத் துடைக்க மறந்துவிடுவார்கள். குமாசியில் அவளுடைய குழம்பைக் குறை சொன்னவர் யாருமில்லை. வாயைக் குறை சொன்னவர்கள் உண்டு, அது நியாயமான குறைதான்.

இத்தனை வாய் இருந்தும் ஐம்பது வயதுவரை அவளுக்கு வாடகை அறைதான். எங்கள் ஊரில் வாடகை என்பது மாதாமாதம் கொடுப்பதல்ல. இரண்டு வருஷத்துப் பணத்தை மொத்தமாக முன்னால் வைத்தால்தான் சாவி கைக்கு வரும். கெடு நெருங்கியதும் வீட்டுக்காரர் அட்டக்கோரா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தார்.

"ஃபொசுவா, அடுத்த ரெண்டு வருஷத்துக்கு எடுத்து வச்சிட்டியா?"

"வச்சிட்டேன் ஐயா."

வைத்திருந்தாள், ஆனால் அவருக்கல்ல. அந்தப் பணம் அன்று காலையே கூரைத் தகரமாக மாறி, ஊர்க்கோடியில் அவள் கட்டிக்கொண்டிருந்த வீட்டு வாசலில் அடுக்கியிருந்தது. வருஷக்கணக்காக விற்ற சோற்றிலிருந்து கல் கல்லாக எழுப்பிய சுவர்கள் அவை. மழைக்காலம் வேறு வந்துகொண்டிருந்தது. மாதக் கடைசிக்குள் கூரை ஏறினால் வீடு, ஏறாவிட்டால் தெரு. இதைத் தெரிந்துதான் அவள் துணிந்தாள். வாடகைக்குக் கொட்டியது போதும் என்று மனம் வெறுத்துப் போயிருந்தது.

எங்கள் பக்கத்தில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். கிளம்பும்போது 'வரேன்' என்பதுதான் மரியாதை. ஆனால் வீடு கட்ட வருகிறவர்கள் சொல்லும் 'வரேன்' இருக்கிறதே, அது தனி ரகம். அதில் அரை மணி நேரமும் அடங்கும், அரை வருஷமும் அடங்கும். கொத்தனார் அந்த்வி அப்படி ஒரு 'வரேன்' சொன்ன அன்றுதான் ஃபொசுவாவுக்குப் புத்தி வந்தது.

"சுவர் காயட்டும் அக்கா. வரேன்."

"சுவர் காயட்டும் மேஸ்திரி, நான் காய முடியாது. அந்த ரசமட்டத்தை வச்சிட்டுப் போ."

"அது உனக்கு எதுக்குக்கா?"

"சோத்துப் பானை சாயாம நிக்குதான்னு பாக்க."

ரசமட்டம் இல்லாமல் வேறு வீட்டில் ஒரு வரிசைகூடக் கல் வைக்க முடியாமல், அந்த்வி மறுநாளே திரும்பிவிட்டான். அதிலிருந்து அவளுக்கு இது பழக்கமாகிவிட்டது. பிளம்பரின் ஸ்பேனர், கம்பி கட்டுகிறவரின் குறடு எல்லாம் முறை வைத்து அவளுடைய கட்டிலடியில் தூங்கி எழுந்து போயின. வீடு கட்டிப் பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் கிடையாது.

கூரை போட வந்தவன் பிப்பிம். தென்னைமரம் போல உயரம், எப்போதும் சீட்டி. வீடு முழுக்கத் தன்னுடையது மாதிரி எந்த ஜன்னல் வழியாகவும் ஏறிக் குதிப்பான், மரத்தூள் காலோடு அடுப்படி வரை வந்து பானையைத் திறந்து பார்ப்பான். கைமரச் சட்டங்கள் பாதி ஏறியிருந்தபோது அவனுக்குப் போன் வந்தது. இறங்கி வந்து வாய்க்குள்ளேயே ஏதோ பேசிவிட்டு, செருப்பை மாட்டினான்.

"அக்கா, பெட்டி இங்கயே இருக்கட்டும். வரேன்."

கேட்காமலே பெட்டியை விட்டுவிட்டுப் போகிறானே என்று ஃபொசுவா பூரித்துப் போனாள். இழைப்புளி, உளி, சுத்தியல் எல்லாம் அதில்தான் இருந்தன. தச்சனின் கையும் காலும் நம் வசம் என்று நிம்மதியாகப் போய், சாமான் வண்டிக்காரன் சாலிஃபுவிடம் பேரம் பேச உட்கார்ந்தாள். சாலிஃபு மூன்று சக்கர வண்டி வைத்திருப்பவன். கண்ணாடி பீரோவுக்குத் தனிக் காசு, பானைகளுக்குத் தனிக் காசு என்று ஆரம்பித்தான்.

"பானை என்ன உன் வண்டியில சீட்டு கேக்குதா?"

"உடைஞ்சா என்னைத்தானேக்கா திட்டுவ. அந்தத் திட்டுக்குத்தான் காசு."

ஒருவழியாகப் பேசி முடித்து, அந்தக் காசைத் தனியாக முடிந்து வைத்தாள். கெட்டிக்காரிதான், ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை. பெட்டியை விட்டுவிட்டுப் போகிற தச்சன் தச்சுவேலைக்குப் போகவில்லை.

பிப்பிம் வரவில்லை. போன் அடித்தால், "வழியில வந்துக்கிட்டே இருக்கேன் அக்கா" என்பான். பின்னால் மேளச் சத்தம் கேட்கும்.

"எந்த வழிப்பா? கடல் வழியா?"

மேளம் இருந்தால் கொண்டாட்டம் என்று அவள் முடிவு கட்டினாள். என் கூரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் எவன் வீட்டுக் கல்யாணத்திலோ ஆடுகிறான். சனிக்கிழமை சோறு விற்று முடிந்ததும் கட்டியிருந்த மஞ்சள் பூப்போட்ட உடையோடு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவனுடைய கிராமத்துக்கு வேன் ஏறினாள். வழியெல்லாம் திட்ட வேண்டியதை மனப்பாடம் செய்தாள்.

இறங்கிய இடத்தில் பந்தல் போட்டிருந்தது. வரிசை வரிசையாக ஜனங்கள், அத்தனை பேரும் சாவுக்கு உடுத்தும் கறுப்பிலும் சிவப்பிலும். நடுவே மஞ்சளாக ஃபொசுவா ஒருத்தி, தலையில் தச்சன் பெட்டியோடு. மனப்பாடம் செய்ததெல்லாம் வாயில் உலர்ந்து போனது. யாரோ ஒரு பெண் எழுந்து வந்து பெட்டியை இறக்கி, தன் கறுப்புத் துணியில் ஒன்றை அவள் தோளில் போட்டு உட்கார வைத்தாள். போனது பிப்பிமின் தாய்மாமன். மாமனுக்கு மருமகன்தான் எல்லாம் என்பதால், சாவுக் காரியம் முழுவதும் அவன் தலையில் விழுந்திருந்தது. முன்வரிசையில் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் அவள் கறுப்புத் துணியை இழுத்து மஞ்சளை மூடிக்கொண்டாள். இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, பாவிப் பயல்.

சாவு வீட்டுக்கு வந்தால் வெறுங்கையோடு உட்கார முடியாது. அவளிடம் இருந்தது சாலிஃபுவுக்கு முடிந்து வைத்த காசு மட்டும்தான். முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். ஒலிபெருக்கியில் மொய் அறிவிக்கிறவர் குனிந்து கேட்டார்.

"அம்மா, என்ன பேர்? எந்த வீடு?"

"ஃபொசுவா. அட்டக்கோரா வீட்டுல..." என்று ஆரம்பித்தாள். முப்பது வருஷமாக எல்லாச் சாவு வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வந்தாள்.

அதற்குள் பிப்பிம் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டான்.

"சொந்தக்காரங்களே, இந்த அக்காவுக்கு நான் கூரை போட ஒத்துக்கிட்டேன். வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்க திட்ட வந்தாங்க, திட்டாம மொய் வச்சிருக்காங்க. மாத முடிவுக்குள்ள கூரை ஏறலைன்னா என்னை இந்த ஊர்க்காரன்னு சொல்லாதீங்க."

பந்தலில் இருந்த குடும்பத்துப் பெரியவர், "நாளைக்கு ஞாயித்துக்கிழமை சடங்கு முடிஞ்சதும் கிளம்புடா" என்றார். அவர் சொன்னால் மறுபேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை சடங்கு முடிந்த கையோடு பிப்பிம் சாவுக்கு வந்த பங்காளிகளில் மூன்று பேரை இழுத்துக்கொண்டு வந்தான். பெட்டியை இந்த முறை அவனே சுமந்து வந்தான். சீட்டி மட்டும் இல்லை. சாப்பாட்டு வேளையில் ஃபொசுவா அவன் இலையில் மட்டும் இரண்டு முட்டை வைத்தாள்.

மாதக் கடைசி அன்று கடைசித் தகரம் ஏறியது. வண்டிக் காசு போய்விட்டதால் பானை, அடுப்பு, பெஞ்சு எல்லாவற்றையும் அந்த வாரம் முழுக்கச் சோறு விற்றுத் திரும்பும்போது தலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து சேர்த்திருந்தாள். கட்டிலையும் பீரோவையும் சாலிஃபு கடனுக்கு ஏற்றினான், மாதம் முழுக்கச் சோறு என்று ஒப்பந்தம். பழைய அறை வாசலில் புதுக் குடித்தனக்காரன் மெத்தையோடு நின்றுகொண்டிருந்தான்.

புது வீட்டில் கதவு இல்லை, ஜன்னலுக்குப் பலகை இல்லை. ஒரு பழைய துணியைக்கூட இன்னும் மாட்டியிருக்கவில்லை. ஃபொசுவா வெறும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தலைக்கு மேலே பளபளத்த தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது, நம்பிக்கை மட்டும் வரவில்லை. யாராவது வந்து எழுந்திரு என்று சொல்லிவிடுவார்கள் போலவே இருந்தது.

வெளியே குரல் கேட்டது.

"அகோ."

பிப்பிம். தோளில் நிலைச்சட்டம். இத்தனை நாளும் ஜன்னல் வழியாகக் குதித்து வந்தவன், அடைக்க ஒன்றுமில்லாத அந்த வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தான். 'அகோ' என்றால் உள்ளே வரலாமா என்று கேட்பது. அதற்கு 'அமே' என்று பதில் சொல்ல வேண்டியது அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர். பழைய வீட்டில் அதை அட்டக்கோராதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊரையே வாயால் அளந்த ஃபொசுவாவுக்கு அந்த ஒரு சொல் வர நேரமானது. சட்டம் தோளை அழுத்த, பிப்பிம் அசையாமல் காத்திருந்தான்.

"அமே" என்றாள். அவன் உள்ளே வந்தான்.