சாலையைப் பார்க்கத் திருப்பிய வண்டி

திருநின்றவூர் ரயிலடிக்குப் பக்கத்தில் தாட்சாயிணி அக்கா நடத்தும் வண்டி ஸ்டாண்டில் யாரும் ஹேண்டில் லாக் போடக் கூடாது. போட்டால் சாயங்காலம் வசவு நிச்சயம். நாங்கள் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு ரயிலுக்கு ஓடுகிறோம். அக்காதான் ஒவ்வொரு வண்டியாகத் தள்ளி அடுக்குகிறார். மாலையில் வண்டியை வெளியே இழுத்து, சாலையைப் பார்க்கத் திருப்பி வைத்துக் கொடுப்பார். நாற்பத்தெட்டு வயதில் புல்லட்டைக்கூட இடுப்பால் முட்டியே நகர்த்துகிற ஆள்.

குடித்துவிட்டு வருபவர்களுக்கு மட்டும் உபசாரம் வேறு. "வண்டி நம்பர் சொல்லு நைனா" என்பார். நம்பர் அவருக்கு மனப்பாடம். கேட்பது வாயைத் திறக்க வைக்கத்தான். வாடை வந்தால், "உன் வண்டி உள்வரிசைல மாட்டிகினு கீது. முன்னாடி முப்பது வண்டி. காலைல வா" என்று பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லி, மூலையில் நிற்கும் யூசுப்பின் ஆட்டோவில் ஏற்றிவிடுவார். ஆள் மேம்பாலப் படியில் இறங்கும் நடையைப் பார்த்தே வண்டியைச் சுவரோரம் தள்ளிவிடுவது அவர் சாமர்த்தியம். ஆபீஸ் விருந்தில் குடித்த இரண்டு கிளாஸ் பீருக்காக என் ஸ்கூட்டரும் ஒரு நாள் அங்கே தங்கியிருக்கிறது. அன்றைக்கு நான் போட்ட கூச்சலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முன்பெல்லாம் அக்கா இப்படி இல்லை. ஆறு வருடத்துக்கு முன்பு, தள்ளாடி வந்த ஒருவருக்கும் வழக்கம்போல வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். ஏரி வளைவில் அந்த ஆள் மோதியதில், சைக்கிளில் வந்த பால்காரருக்கு ஒரு கால் போயிற்று. "ரோட்ட பாக்க திருப்பி வச்சது நான்தான" என்று அக்கா அழுத அழுகை எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் அவர் மகள் கார்த்திகாவுக்கு நல்ல வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஹேமநாதன் ஆவடி தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். பத்து வருடமாக இதே ஸ்டாண்டில் வண்டி விடுபவர். பேச்சு முடிந்த நாளிலிருந்து அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்தி வண்டியை எவனும் உரசக் கூடாதென்று முன்வரிசையில், வாசலோரமாக, சாலையைப் பார்த்தபடியே நிறுத்தி வைத்தார். வம்பு அங்கேதான் வந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை சாயங்காலம், ஹேமநாதன் யாருடைய பணி ஓய்வு விருந்திலோ கலந்துகொண்டு ரயிலில் வந்து இறங்கினார். நானும் அதே ரயில்தான். நம்பர் கேட்கத் தேவையே இல்லை. நாலடி தள்ளியே வாடை அடித்தது. உள்வரிசைக் கதையும் செல்லாது. வண்டி கண்ணெதிரே நிற்கிறது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தடுத்தால் மகள் கல்யாணம் நின்றுபோகலாம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவர் சாவியைப் போடப் போனார். அக்கா ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"சம்மந்தி, நீங்க குடிச்சிகீறீங்க. வண்டிய எடுக்க உட மாட்டேன்."

வீடு இரண்டு கிலோமீட்டர்தான் என்றார் ஹேமநாதன். முப்பது வருட அனுபவம் என்றார். கடைசியில், பெண் கொடுக்கிற இடத்தில் இதுதான் மரியாதையா என்று குரலை உயர்த்தினார்.

"குடிச்சவன் பின்னாடி உக்காந்துகினு போறவன் மேலயே போலீஸு கேஸ் போட்றாங்க. வண்டிய திருப்பிக் குட்த்துட்டு, எனக்கின்னான்னு நான் நிக்கவா?" என்றார் அக்கா. ஹேண்டிலில் பிடி தளரவில்லை.

நானும் யூசுப்பும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை ஆட்டோவில் ஏற்றினோம். கல்யாணம் கிடையாது, கிடையவே கிடையாது என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்ததாக யூசுப் திரும்பி வந்து சொன்னார். அக்கா அந்த வண்டியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த ரயில் ஆட்களைக் கவனிக்கப் போனார்.

மறுநாள் காலை, பால் வாங்கும் சாக்கில் நான் அங்கே போயிருந்தேன். ஹேமநாதனின் மனைவி பொன்னியம்மா வண்டி டோக்கனோடு வந்து நின்றார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இருவது வருசமா இவரு குடிக்கிற அன்னிக்கெல்லாம் வண்டி சாவிய அரிசி டப்பால ஒளிச்சு வச்சுகினு கீறேன்," என்றார் பொன்னியம்மா. "மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வர்ல. உன் பொண்ணுக்கும் உன் குணம் கீதில்ல? அவ எங்க ஊட்டுக்குத்தான் வரணும்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். அப்போதுதான் கவனித்தோம்: டீக்கடை மறைவில், குளித்து விபூதி பூசிக்கொண்டு ஹேமநாதன் நின்றிருந்தார். மெல்ல வந்தார். யாரும் கேட்காமலேயே வண்டி நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். சொல்லி முடித்து, வாயைத் திறந்து நன்றாக ஊதியும் காட்டினார்.

"சாம்பார்" என்றார் அக்கா.

பிறகு வண்டியைச் சாலையைப் பார்க்கத் திருப்பி வைத்துக் கொடுத்தார்.