வாசலில் நடாத மாங்கன்று

மலாயாவில், கோலா பிலா சந்தையில் ஒரு மாங்கன்று வாங்கி வந்து, ரப்பர் தோட்டத்தில் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் குழி தோண்டினேன். என் வீட்டுக்காரர் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

“இது காய்க்கிற வரைக்கும் இங்கயா கெடக்கப் போறோம், புள்ள? அடுத்த வருசம் ஊருக்குக் கப்பல் ஏறிடுவோம். கீரையப் போடு, போதும்.”

லயத்தில் எல்லோருக்கும் அதே நினைப்புதான். கீரையும் மிளகாயும் தவிர யாரும் எதையும் நட்டதில்லை. ஆனால் அந்த வாரமே அவர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்காகக் குன்றுச் சரிவெல்லாம் ரப்பர் கன்று நட்டார். அதுவும் பால் தர வருடக்கணக்காகும். அதை மட்டும் அவர் யோசிக்கவேயில்லை.

நாங்கள் கப்பல் ஏறவில்லை. அந்த மரங்களில் இப்போது எங்கள் மகள் பால் வெட்டுகிறாள். வேலை முடிந்து வெயிலில் வருகிறவள் உட்கார எங்கள் வாசலில் நிழலில்லை.