ஆகட்டும் கட்சியும் கூடாது கட்சியும்

எங்கள் குடும்பத்தில் அப்போது இரண்டு கட்சிகள் இருந்தன. இரண்டுக்கும் நீளமான சமஸ்கிருதப் பெயர்கள் உண்டு. அவை எனக்கும் அக்காவுக்கும் வாயில் நுழையாததால், ஒன்றை ‘ஆகட்டும் கட்சி’ என்றும் மற்றதைக் ‘கூடாது கட்சி’ என்றும் சொல்லிக்கொள்வோம். அப்பா ஆகட்டும் கட்சி. எதிர்வீட்டில் இருந்த பெரியப்பா கூடாது கட்சி.

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊரைக் காலி செய்தவர்கள் எல்லாரும் மயிலாப்பூருக்குத் திரும்பி, சண்டையும் ஓய்ந்திருந்த சமயம். நகரசபைக்கு எங்கள் வட்டாரத்திலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும். நின்றவர்கள் இரண்டே பேர். இருவருக்கும் குடுமி, இருவருக்கும் பஞ்சகச்சம், உலகம் கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. அதை நிதானமாகத் தடுக்க வேண்டும் என்றார் அப்பாவின் ஆள். இன்றைக்கே தடுக்க வேண்டும் என்றார் பெரியப்பாவின் ஆள். கோயிலுக்குள் எல்லோரையும் விடலாமா என்று யாராவது கேட்டால், “விடலாம், ஜனங்க மனசு பக்குவப்படட்டும்” என்பார் அப்பா. “கூடவே கூடாது” என்பார் பெரியப்பா. இரண்டு வழியிலும் கோயில் வாசலில் நிற்பவன் நின்றுகொண்டேதான் இருப்பான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் நின்றுகொண்டிருந்தவள் அக்கா. தெருக்கோடியில் இருந்த நகரசபைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. அதை முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். மளிகைப் பொட்டலம் பிரித்த காகிதத்தைக்கூட விடாமல் படிப்பாள். படித்து முடித்ததும் அழுவாள். சாந்தோம் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமே என்று அம்மா பல தடவை கேட்டுப் பார்த்தாள். “ஆகட்டும். எங்க ஆள் ஜெயிச்சு வரட்டும், நம்ம பள்ளிக்கூடத்திலேயே ஆறாவது திறக்கறதைப் பத்தி யோசிக்கலாம்” என்று அப்பா சொல்லிவிடுவார். அவர் எதற்கும் முடியாது என்று சொன்னதே கிடையாது. அவரிடம் கஷ்டமே அதுதான். பெரியப்பாவோ, பெண்களுக்கு ஐந்தாவதே அதிகம் என்பார்.

அப்பாவுக்கு இன்னொரு குணம் உண்டு. தன் அண்ணா ஒன்றைக் கூடாது என்று தன்னிடமே சொல்லிவிட்டால், அதைச் செய்யாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஆசாரத்துக்கு ஆகாது என்று வெங்காயத்தைப் பெரியப்பா கண்டித்த வாரம்தான் எங்கள் வீட்டில் வெங்காய சாம்பார் ஆரம்பமாயிற்று.

வீடு அம்மாவுக்கு அவள் பிறந்தகத்தில் கொடுத்தது. வரி அவள் பேரில் போனதால் அவளுக்கும் ஓட்டு உண்டு. இது தெரிந்ததும் பெரியப்பா எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தார். கணவரின் அண்ணாவோடு அம்மா நேரில் பேசும் வழக்கமில்லை. அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்க, நடுவில் நான் நின்றேன்.

“உங்கம்மாகிட்டச் சொல்லு. பொம்மனாட்டி ஓட்டுப் போடறதே அநாசாரம். போடறதுன்னு ஆயிட்டா, தர்மத்துக்குப் போடணும்.”

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, “வண்டி வருமான்னு கேளுடி” என்றாள்.

வரும் என்றார். அப்பா கட்சியில் வண்டி விஷயம் இன்னும் கமிட்டியின் யோசனையில் இருந்தது.

தேர்தலன்று காலையில் திரை கட்டிய குதிரை ஜட்கா வந்து நின்றது. “சீக்கிரம் ஏறும்மா, குருத நிக்காது” என்றான் வண்டிக்காரன். “பொம்பளைங்க வாசலத் தாண்டக் கூடாதுன்றாங்கோ. காலைலேந்து பொம்பளைங்களத்தான் இட்டாந்துகினு கீறேன்!” உள்ளே இருந்த மாமிகள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அப்பா ஜட்காவின் பக்கத்தில் வந்து, “பச்சைப் பெட்டி, ஞாபகம் இருக்கட்டும். வெத்தலைப் பச்சை” என்று அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்திருப்பார்கள். சீட்டை வேண்டிய பெட்டியில் போட வேண்டியதுதான். பெரியப்பா கட்சிக்குச் சிவப்பு.

என்னை அழைத்துப் போனதற்குக் காரணம் இருந்தது. ஓட்டுச் சாவடியில் கணவன் பேரைக் கேட்பார்கள். அம்மா அதை உச்சரிக்க மாட்டாள். குமாஸ்தா கேட்டதும் நான் அப்பாவின் பேரை உரக்கச் சொன்னேன். ஓட்டே என்னால்தான் நடக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தட்டிக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். அம்மா பச்சையைப் பார்த்தாள், சிவப்பைப் பார்த்தாள். பிறகு சீட்டைச் சிவப்புப் பெட்டியில் போட்டாள்.

“அம்மா, அது பெரியப்பா...” என்று ஆரம்பித்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

வண்டியில் அவள் காதோரம், “தெரியாமத்தானே போட்டே? அப்பாகிட்டச் சொல்லமாட்டேன்” என்றேன்.

“சமத்து, சொல்லாதே” என்றாள்.

கூடாது கட்சி மயிரிழையில் ஜெயித்தது. பெரியப்பா மேளத்தோடு எங்கள் வாசலுக்கே வந்து, கற்கண்டுத் தட்டை அப்பாவிடம் நீட்டினார்.

“ஆறாவதும் கிடையாது, ஏழாவதும் கிடையாது. உன் பொண்ணுக்கு வரன் பாருடா. இனிமே அது படிக்கப்படாது.”

அப்பா தட்டைத் தொடவில்லை. உள்ளே வந்து கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். “என் பொண்ணு படிக்கப்படாதுன்னு சொல்ல இவன் யாரு? இவனைக் கேட்டுண்டா நான் பெத்தேன்?”

மறுநாள் ராகுகாலம்கூடப் பார்க்காமல் அக்காவைக் கிளம்பச் சொன்னார். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்துக்குத்தான். அம்மா பெட்டியைத் திறந்து, தைத்துத் தயாராக வைத்திருந்த நீலப் பாவாடையை எடுத்துக் கொடுத்தாள். அதை எப்போது தைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பா வீட்டு வாசலைக் கடக்கும்போது அப்பா வேண்டுமென்றே இருமினார். அக்கா தலை நிமிர்ந்து நடந்தாள். அவளை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பெண்ணைத் துணிந்து படிக்க வைத்தவன் நான்தான் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஆமாம் என்பாள். அவர் ஆள் ஜெயித்திருந்தால் இன்னும் யோசித்துக்கொண்டே இருந்திருப்பார் என்பது புரிய, எனக்கும் ஒரு கணவர் வாய்க்க வேண்டியிருந்தது.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா பெட்டி மாற்றிப் போட்டுவிட்டாள் என்பதுதான். “நம்ம மனுஷாளே கவுத்துட்டா” என்று அப்பா அலுத்துக்கொள்ளும்போதெல்லாம், அவள் பிசகு வெளியே வந்துவிடக் கூடாதே என்று பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுவேன். ஒருநாள் மனசு தாங்காமல் அவளிடம் போய், “கவலைப்படாதேம்மா, அடுத்த தடவை சரியாப் போட்டுடலாம்” என்று தைரியம் சொன்னேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துத் தலையைப் பின்ன ஆரம்பித்தாள்.

“போட்டுடலாம். இந்தத் தடவை அக்காவுக்கு. அடுத்த தடவை உனக்கு.”

எனக்குத்தான் ஓட்டே கிடையாதே, எனக்கு எதற்கு என்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.