அவர் எழுதாத ஒரு வரி

இன்னொருவரின் கையெழுத்தில், அவருடைய மகளுக்கு நான் ஒரு வரி எழுதினேன். அப்பா எழுதியது என்று அவள் இன்றுவரை நம்புகிறாள். அதை மறைத்தவன் என்ற பழி அவளுடைய அண்ணன் தலையில் விழுந்திருக்கிறது. அவன் எதையும் மறைக்கவில்லை. எழுதியவன் நான்!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்...

பாளையங்கோட்டையில் மைப்பேனா செய்கிறவன் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. பட்டறையில் இரும்பு கடைந்து பழகிய கை, பிறகு பேனாவுக்குத் திரும்பியது. எபோனைட் என்கிற கறுப்பு ரப்பர்க் கட்டையை லேத்தில் மாட்டிக் கடைந்தால் நாடா நாடாவாகச் சுருள் விழும். உடலும் மூடியும் கடைவது பெரிய காரியமில்லை. நிப்பை ஆளுக்கேற்றபடி தீட்டுவதுதான் வேலை. ஒருவர் பேனாவைப் படுக்கவைத்து எழுதுவார், இன்னொருவர் நிமிர்த்தி. சிலர் காகிதத்தைக் குத்துவார்கள், சிலர் தடவுவார்கள்.

அதனால் பேனா கேட்டு வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, தங்களுக்கு வேண்டியவர்களின் பெயர்களை எழுதச் சொல்வேன். வேறு எதை எழுதச் சொன்னாலும் அழகாக எழுதப் பார்ப்பார்கள். வேண்டியவர்கள் பெயர் என்றால் கை தன் போக்கில் ஓடும். நிப்பைத் தீட்டியதும் அந்தத் தாளைப் பார்த்து, அவர்களைப் போலவே பேனாவைப் பிடித்து எழுதிப் பார்ப்பேன். வருடக்கணக்கில் இப்படிச் செய்ததில், யார் கையெழுத்தானாலும் எனக்கு வந்துவிடும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். ஒருவரிடம் நேராக எதையும் கேட்கத் தெரியாது. ஆனால் அவர் கையெழுத்துக்குள் புகுந்து பார்க்கலாம் அல்லவா? வேலைக்காகத்தான் செய்தேன் என்றால் பொய். ஆவல்!

ராதாபுரத்தில் பத்திரம் எழுதி ஓய்ந்த ஒரு பெரியவர், தன் நண்பரோடு வந்தார். தாளை வாங்கி, மனைவி பெயரை எழுதினார்: ஆவுடையம்மாள். அதன் கீழே மகன் பெயர்: முத்துக்குமார். அடுத்த வரிக்கு வந்தார். நிப்பு தாளைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. பேனாவை எடுத்துவிட்டார்.

"இன்னொரு பேரு இருக்குல்லா வே?" என்றார் நண்பர்.

"வாய மூடும் வே. நீரு பேனா பாக்க வந்தீரா, பஞ்சாயத்து பண்ண வந்தீரா?"

"ஊரு சொத்தையெல்லாம் எழுதித் தீத்த கை, பெத்த புள்ள பேர எழுத நோவுதாக்கும்!"

பெரியவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். நண்பர் என் பக்கம் குனிந்தார். "மவ பேரு செல்லக்கனி. அவளாப் பாத்து ஒருத்தனக் கட்டிக்கிட்டா. எட்டு வருசமாச்சு. ஊருக்குப் பக்கத்துல திசையன்விளையிலதான் இருக்கா. இவரு ஒரு வார்த்த பேச மாட்டாரு."

அந்தப் புள்ளி என்னை விடவில்லை. அது அவள் பெயரின் தொடக்கமா? வெறும் கைத்தடுமாற்றமா? அவர் மேலே எழுதியிருந்தால் எப்படி வந்திருக்கும்?

பேனா முடிந்த அன்று அவரைப் போலப் பிடித்து, நிப்பை மையில் தோய்த்து எழுதினேன். ஆவுடையம்மாள். முத்துக்குமார். பிறகு, செல்லக்கனி. எவ்வளவு இயல்பாக வந்தது தெரியுமா! அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்தக் கை இதற்குமேல் என்ன எழுதும் என்று பார்க்கத் தோன்றியது. எழுதியது இதுதான்: "ஒரு தடவை வந்துட்டுப் போம்மா."

எழுதிப் பார்த்த தாளில் ஒரு துண்டு கிழித்து, பேனாவை அதில் சுருட்டிப் பெட்டியில் வைப்பது என் வழக்கம். நிப்பு எப்படி ஓடுகிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியும். அன்று கிழித்த துண்டில் அவள் பெயரும் அந்த வரியும் இருந்தன.

மறதியா? மறதி என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே இரண்டு பெயர்களை விட்டுவிட்டு, சரியாக அந்த இடத்தில் கிழித்த கை மறந்த கையா?

பேனாவை வாங்க முத்துக்குமார்தான் வந்தான். அப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னான். பத்து நாளில் அவர் போய்விட்டார். தலையணைக்கடியில் இருந்த பெட்டியை, பதினாறாம் நாள் கழிந்து ஆவுடையம்மாள் திறந்திருக்கிறார். தாளையும் பேனாவையும் மகளுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

பெரியவர் அதைப் பார்த்தாரா? தான் எழுதாத ஒன்றைத் தன் கையெழுத்தில் பார்த்து, கிழித்துப் போடாமல் மடித்து வைத்தாரா? அல்லது பெட்டியைத் திறக்கவே இல்லையா?

மை நிரப்பத் தெரியவில்லை என்று செல்லக்கனி பட்டறைக்கு வந்தாள். தாளை என் முன்னால் விரித்தாள்.

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு எழுதிருக்காவ அண்ணாச்சி. பாருங்க, கை நடுங்கவே இல்ல! எங்கண்ணன் இத எங்கிட்டச் சொல்லாம மறைச்சுட்டான். கூடவே இருந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? சொல்லிருந்தா உசுரோட முகத்தப் பாத்திருப்பேன்லா?"

பேனாவைத் திருகித் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு மை ஏறியதற்கான தடம்கூட இல்லை. அவர் எழுதியிருக்கவே முடியாது. நான் மை நிரப்பிக் கொடுத்தேன். "நல்ல கையெழுத்தும்மா" என்றேன். என் கையெழுத்தை நானே புகழ்ந்தேன்!

சில மாதம் கழித்து முத்துக்குமார் வந்தான்.

"அண்ணாச்சி, நான் வாங்கிட்டுப் போகும்போது பெட்டியில தாளு ஏதும் இருந்துச்சா? அவ மவனுக்குத் திருச்செந்தூர்ல காது குத்துதாங்க. தாய்மாமன் மடியிலல்லா வச்சுக் குத்தணும்? என்னைய வரவே கூடாதுங்கா. சத்தியமா நான் பெட்டியத் தொறக்கல."

ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் போதும்.

"பேனா மட்டுந்தான் இருந்துச்சு தம்பி" என்றேன்.

"அப்ப எங்கப்பாதான் எழுதிருக்காவ. ராத்திரி பகலா கூட இருந்தேன்... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றான். போய்விட்டான்.

தங்கையை மட்டும் அவனிடமிருந்து பிரித்திருந்தேன். அன்று அப்பாவையும் பிரித்தேன்.

காதுகுத்து நடந்தது. யாரோ ஒரு பெரியப்பா மடியில் பையனை வைத்துக் குத்தினார்களாம். மருமகனுக்கு வாங்கிய கம்மலோடு முத்துக்குமார் திருச்செந்தூருக்குப் போய், கூட்டத்துக்குள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினானாம். பெரியவரின் அந்த நண்பர்தான் வந்து சொன்னார். கேட்டுக்கொண்டே ஒரு நிப்பைத் தீட்டினேன்.

உண்மையைச் சொன்னால் அண்ணன் மேலுள்ள பழி போகும். ஆனால் செல்லக்கனி, தன்னைக் கூப்பிட்ட அப்பாவை இழப்பாள். அதற்குத்தான் பயந்தேன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் முழு உண்மையில்லை. அவள் என்னைப் பார்க்கப்போகும் அந்தப் பார்வைக்குப் பயந்தேன்.

உங்களிடம் சொல்வது எளிது. உங்கள் முகம் எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய இருவருடைய முகமும் எனக்குத் தெரியும்... அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.